பல்லக்கில் போன பாயசம்

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, ஒரு நாட்டை மகிபாலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். யுத்தம் இல்லை, பஞ்சம் இல்லை. ராஜாவுக்கு இருந்த ஒரே வேலை சாப்பிடுவது. காலையில் பத்து வகை, மதியம் இருபது வகை, நடுவில் வாய் சும்மா இருக்கக்கூடாது என்று தட்டுத் தட்டாகப் பலகாரம். அரண்மனையில் அடுப்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வம்சத்தில் ஒரு பொற்பட்டிகை இருந்தது. ராஜாவின் முப்பாட்டன் காலத்துப் பட்டிகை. விஜயதசமியன்றும் சித்திரை முதல் நாளன்றும் அதை இடுப்பில் பூட்டிக்கொண்டுதான் சிங்காதனத்தில் உட்காரவேண்டும் என்பது வழக்கம். அந்த வருஷத்து விஜயதசமியன்று, சபை நிறைந்திருக்க, இரண்டு சேவகர்கள் பட்டிகையை ராஜாவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முன்பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சேவகர்கள் இழுத்தார்கள். ராஜா மூச்சை அடக்கினான். முகம் சிவந்ததே தவிர பட்டிகை சேரவில்லை.

சபையில் ஊசி விழுந்தால் கேட்கும். எல்லோரும் தூணைப் பார்த்தார்கள், விதானத்தைப் பார்த்தார்கள், ராஜாவின் வயிற்றை மட்டும் பார்க்கவில்லை.

பிரதானி அனந்தப்பர் எழுந்தார். அனந்தப்பருக்கு மெல்லிய முகம், குச்சிக் கை, குச்சிக் கால். உத்தரீயத்தை முன்னால் அகலமாகப் போர்த்திக்கொள்வார். அதற்கு உள்ளே சின்னப் பானையைக் கவிழ்த்ததுபோல் ஒரு வயிறு இருந்தது. பார்ப்பவர்கள் அவரை ஒல்லி என்றுதான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பிரபு, இந்த வருஷம் மழை அதிகம். குளிரில் பொன் சுருங்கும். பட்டிகை சுருங்கியிருக்கிறது" என்றார்.

"ஆமாம், சுருங்கித்தான் இருக்கிறது" என்றது சபை.

ராஜாவுக்கும் அதை நம்பத்தான் ஆசை. ஆனால் ஒரு சாண் சுருங்குமா என்று மனசுக்குள் ஒரு சந்தேகம். சபையில் ஓரமாக நின்றிருந்த அரண்மனை வைத்தியர் சேந்தனாரைப் பார்த்து, "வைத்தியரே, நீர் என்ன சொல்கிறீர்?" என்று கேட்டுவிட்டான்.

சேந்தனாருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "பட்டிகை அப்படியேதான் இருக்கிறது, பிரபு. தங்கள் இடுப்புதான் பெருத்துவிட்டது" என்றார். யாரோ இருமினார்கள். அவர் நிறுத்தவில்லை. "கையிலும் காலிலும் சேரும் சதை வேறு, வயிற்றில் சேருவது வேறு. நாம் கிள்ளிப் பார்க்கிறோமே, அது தோலுக்கு அடியில் இருப்பது. அதற்கும் உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிக் கொழுப்பு அப்பிக்கொள்ளும். அது சும்மா கிடக்காது. ரத்தத்தைக் கெடுக்கும், சிறுநீரில் இனிப்பை ஏற்றும், நெஞ்சுக்குப் போகும் நாளத்தை அடைக்கும். படியேறினால் தங்களுக்கு மூச்சு வாங்குகிறது. தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறீர்கள். இப்போதே பார்த்துக்கொண்டால் நல்லது. ஆள் ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் என்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் கண் அனந்தப்பர் பக்கம் போனது. அனந்தப்பர் உத்தரீயத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ராஜாவின் உதடு துடித்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பயந்தவன் ஒருவன் உண்டு. அவன்தான் அம்பலக்கூத்தன், சபையின் விகடகவி. பத்து வருஷமாக அந்த உதடு துடிக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பதுதான் அவன் பிழைப்பு. வைத்தியருக்கு ஆபத்து என்று கண்டதும் யோசிக்காமல் முன்னால் வந்தான்.

"பிரபு, வைத்தியர் மேல் கோபிக்காதீர்கள். அவர் கண்ணே அப்படி. பௌர்ணமி நிலாவைக் காட்டினால் வீக்கம், பற்றுப் போடவேண்டும் என்பார். பிள்ளையார் கோயிலுக்குப் போனால் தோப்புக்கரணம் போடமாட்டார். சாமியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து கொழுக்கட்டையை நிறுத்து என்று சொல்லிவிட்டு வருவார்!"

சபை வெடித்துச் சிரித்தது. இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாக வந்தது. ராஜாவும் வயிறு குலுங்கச் சிரித்தான். தப்பித்தோம் என்று கூத்தன் நினைத்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அனந்தப்பர் கை கூப்பினார். "பிரபு, விகடகவி விளையாட்டாகச் சொன்னாலும் உண்மையைச் சொன்னார். பிள்ளையாரின் திருவயிற்றையே நோய் என்று சொல்லக்கூடிய மனிதர் இவர். தெய்வத்தையே மதிக்காதவர் தங்களை எப்படி மதிப்பார்? நிறைந்த சபையில், நல்ல நாளில், தங்கள் திருமேனிக்கு மரணம் வரும் என்று வாய் கூசாமல் சொல்கிறார். இது ராஜத் துரோகம்."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லை" என்றான் கூத்தன். அவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பிள்ளையார், கொழுக்கட்டை என்று ஒருவருக்கொருவர் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜா கையை உயர்த்தினான். "இந்தப் பட்டிகை என் இடுப்பில் பூட்டுகிற நாள்வரை வைத்தியர் சிறையில் இருக்கட்டும். ஆணை!"

சேந்தனார் போகும்போது கூத்தனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூத்தன் வீட்டுக்கு வந்தால் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அவன் மனைவி வடிவு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்தில் மூன்று நாள் துடித்தவளை, குழந்தை தலை திரும்பாமல் செத்துப்போக இருந்தவளை, இரவு பகல் பாராமல் கூட இருந்து பிழைக்கவைத்தவர் சேந்தனார்.

"நல்லா சிரிச்சாங்களாமே?" என்றாள்.

"வடிவு, அவரைக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

"கொழுக்கட்டை, கொழுக்கட்டைன்னு தெருவுல பிள்ளைங்க கத்திக்கிட்டுப் போகுது. நல்லாத்தான் காப்பாத்தியிருக்கீங்க."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த பல நாளும்.

மறுநாள் கூத்தன் சிறைக்குப் போனான். சேந்தனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மன்னிக்கவேண்டும், வைத்தியரே. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்க வந்தேன்."

"என்னைப் பார்க்க வந்தீரா, அல்லது என்னைப் பார்த்தால் உமக்கு இன்று தூக்கம் வரும் என்று வந்தீரா?"

பதில் சொல்லியே சோறு தின்கிறவன், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போம்" என்றார் சேந்தனார். "வண்ணார் தெருவில் மூன்று பேருக்குக் காய்ச்சல். எண்ணெய்ச் செட்டிக்கு நெஞ்சு வலி வந்து போகிறது, மருந்தை நிறுத்தக்கூடாது. எந்த வைத்தியராவது போய்ப் பார்க்கிறார்களா என்று விசாரியும். என்னைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை."

கூத்தன் போய் விசாரித்தான். ஊரில் இன்னும் இரண்டு வைத்தியர்கள் இருந்தார்கள். சேந்தனாருக்கு நடந்ததைக் கேட்டதுமே இருவரும் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டிவிட்டார்கள்.

அன்று மதியமே கூத்தன் சபையில் ராஜாவின் காலில் விழுந்தான். ராஜாவுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனால், "சொன்ன சொல்லை நானே திரும்ப விழுங்கமுடியாது. பட்டிகை பூட்டவேண்டும்" என்றான்.

"அப்படியானால் பூட்டும்படி நான் செய்கிறேன், பிரபு. சித்திரை முதல் நாளுக்குள்."

அனந்தப்பருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பத்து வருஷமாக ராஜா தன்னைவிட இந்தக் கோமாளியின் பேச்சைத்தான் அதிகம் கேட்கிறான் என்று அவருக்கு வயிற்றெரிச்சல். "மகா சந்தோஷம். ஆனால் வம்சத்துச் சொத்து, பிரபு. பட்டிகையில் ஒரு கண்ணிகூடச் சேர்க்கக்கூடாது. தங்களுக்கு மருந்து, பேதி, பட்டினி எதுவும் கூடாது. தங்கள் உணவில் ஒரு கவளம்கூட இவர் குறைக்கக்கூடாது. முடியாவிட்டால் வைத்தியருக்குத் துணையாக இவரும் ஆயுள் முழுக்க உள்ளே இருக்கட்டும்" என்றார்.

"சம்மதமா, கூத்தா?"

"சம்மதம். ஒரு வேண்டுகோள். ஒரு கவளம்கூடக் குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் அல்லவா? அதுவரை அரண்மனைச் சமையலறையும் பரிமாறும் வேலையும் என் பொறுப்பில் இருக்கவேண்டும்."

உணவைக் காக்கிறேன் என்பவனை எப்படித் தடுப்பது? அனந்தப்பரே தன் கையால் ஓலை எழுதினார். ராஜா முத்திரை வைத்தான்.

அடுத்த நாள் மதியம் ராஜா பசியோடு வந்து உட்கார்ந்தான். எதிரே தலைவாழை இலை. இலையில் ஒரு சிட்டிகை உப்பு. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. வேறு எதுவும் இல்லை.

"எங்கே சோறு?"

"தயாராக இருக்கிறது, பிரபு. பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு நந்தவனத்தில். புளிக்குழம்புச் சோறு யானைக் கொட்டாரத்தில். ரசம் தெப்பக்குளத்துக்கு அக்கரையில். பாயசமும் அதிரசமும் குன்றின்மேல் முருகன் கோயில் மண்டபத்தில்."

"விளையாடுகிறாயா? எல்லாவற்றையும் இங்கே கொண்டுவா!"

கூத்தன் ஓலையைப் பிரித்து வாசித்தான். "குறைக்கக்கூடாது என்று இருக்கிறது, பிரபு. ஒரு பருக்கை குறைக்கவில்லை. பரிமாறுவது என் பொறுப்பு என்றும் இருக்கிறது. எந்த இடத்தில் என்று பிரதானியார் எழுதவில்லை."

ராஜா அனந்தப்பரைப் பார்த்தான். அனந்தப்பர் தரையைப் பார்த்தார்.

"சரி, பல்லக்கைக் கொண்டுவரச் சொல்."

"பல்லக்கு புறப்பட்டுவிட்டது, பிரபு. பாயச அண்டாவை வேறு எதில் வைத்துக் குன்றின்மேல் ஏற்றுவது?"

ராஜா உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்த்தான். எட்டுப் பேர் தூக்க, வெண்கொற்றக் குடை நிழலில், பட்டு மெத்தைமேல் பாயச அண்டா ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. தெருவில் சிலர் வழக்கம்போல் விழுந்து கும்பிட்டார்கள். ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் கோபப்படமுடியவில்லை. பசி வேறு. நடந்தான்.

முதல் நாள் நந்தவனத்துக்குள்ளேயே மூன்று இடத்தில் உட்கார்ந்தான். குன்றுக்கு முந்நூறு படி. ஏறி முடிக்கும்போது சூரியன் சாய்ந்துவிட்டது. பாயசம் ஆறிப் பாலாடை படிந்திருந்தது. திட்டிக்கொண்டே குடித்தான். பத்து நாளில் வசவு குறைந்தது. இருபதாவது நாள் குன்றை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பாயசம் அங்கேயே இருக்கட்டும், இன்று நான் வரவில்லை" என்றான்.

"காத்துக்கொண்டிருக்கும், பிரபு" என்றான் கூத்தன். காத்துக்கொண்டிருந்த பாயசத்தைக் கோயிலுக்கு வந்த கூலிக்காரர்கள் குடித்தார்கள்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. ராஜாவுக்குப் படியில் மூச்சு வாங்குவது குறைந்தது. ஒரு சாண் இடைவெளி நாலு விரலாயிற்று. அதோடு நின்றுவிட்டது. தை முழுக்க நாலு விரல்தான். கூத்தனுக்கு விளங்கவில்லை. இதற்கிடையில் ஊர்ப் பக்கமிருந்து அடிக்கடி சங்குச் சத்தம் கேட்டது. முதலில் யார் வீடு என்று விசாரித்துக்கொண்டிருந்தான். பிறகு விசாரிப்பதை விட்டுவிட்டான்.

ஒருநாள் பிற்பகல் ஏதோ கேட்கப் போய், சித்திர மண்டபத்தின் கதவைத் திறந்தான். ராஜாவும் அனந்தப்பரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அனந்தப்பர் வீட்டிலிருந்து வந்த ஓலைப்பெட்டி நிறைய லட்டு. இருவர் வாயும் நிறைந்திருந்தது. ராஜா தனியாகச் சாப்பிடக் கூச்சப்படக்கூடாது என்று தை பிறந்ததிலிருந்து தினமும் அனந்தப்பர் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். உத்தரீயம் இப்போது அந்த வயிற்றை மறைக்கவில்லை.

கூத்தன் சத்தம் போடவில்லை. "மன்னிக்கவேண்டும், பிரபு. இது என் தவறு. தங்களுக்குப் பரிமாறும் எதுவும் என் பொறுப்பு என்று ஓலை சொல்கிறது. இந்த லட்டையும் நான்தான் பரிமாறியிருக்கவேண்டும். நாளையிலிருந்து லட்டும் குன்றின்மேல். பிரதானியார் வழக்கம்போல் தங்களுக்குத் துணையாக அங்கே வந்து சாப்பிடட்டும். ராஜாவின் பந்தியில் பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லையே."

ராஜா லட்டை விழுங்கிவிட்டுச் சிரித்தான். "மாட்டிக்கொண்டீரா, அனந்தப்பரே? வாரும், நாளைக்குச் சேர்ந்தே ஏறலாம்."

அனந்தப்பரும் சிரித்துவைத்தார்.

மறுநாள் மாசி வெயில். ராஜா முன்னால் ஏறினான். ஐந்து மாதம் ஏறிப் பழகிய கால். அனந்தப்பர் பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். நெற்றியில் வியர்வை கொட்டியது.

"என்ன பிரதானியாரே, லட்டு கனக்கிறதா?" என்றான் பின்னால் வந்த கூத்தன். காவலர்கள் சிரித்தார்கள்.

நூற்றைம்பதாவது படியில் அனந்தப்பர் உட்கார்ந்தார். ஓலைப்பெட்டி கவிழ்ந்து லட்டெல்லாம் படிகளில் உருண்டது. அதற்கும் காவலர்கள் சிரித்தார்கள். அனந்தப்பர் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். முகம் சாம்பலாக இருந்தது. "நெஞ்சில் யாரோ ஏறி நிற்கிறார்கள்" என்றார்.

கூத்தனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ராஜா மேலிருந்து ஓடிவந்தான். "வைத்தியர்! வைத்தியரைக் கூப்பிடுங்கள்!" என்று கத்தினான். ஒருவரும் அசையவில்லை. எந்த வைத்தியரை என்று அவனிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

"பிரபு, அவர் சிறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்றுதான் ஆணை. நாம் உள்ளே போகக்கூடாது என்று இல்லை" என்றான் கூத்தன்.

பாயச அண்டாவை இறக்கிவிட்டு அனந்தப்பரைப் பல்லக்கில் போட்டார்கள். கூத்தனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். சிறைக் கதவு திறந்ததும் சேந்தனார் ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் பாயை விரித்து, தலையை உயர்த்திச் சாய்த்துப் படுக்கவைத்தார். இடுப்புக் கட்டைத் தளர்த்தினார். நாடியைப் பிடித்தார். மருந்துப் பெட்டியை அவர் வீட்டிலிருந்து எடுத்துவர ஒரு காவலன் ஓடினான்.

அனந்தப்பர் கண்ணைத் திறந்தார். "வைத்தியரே… நான் ஒல்லிதானே?"

"பேசவேண்டாம்."

"எல்லோரும் ஒல்லி என்றுதானே சொன்னார்கள்."

"பேசாமல் இரும். மெதுவாக மூச்சு விடும்" என்றார் சேந்தனார். தன்னைச் சிறைக்கு அனுப்பியவரின் கையைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ராஜா சுவரோடு ஒட்டி நின்றான். அவன் கை தன் வயிற்றின்மேல் இருந்தது. "எனக்கும் இப்படி வருமா?" என்று சின்னக் குரலில் கேட்டான்.

"வரவேண்டும் என்று இல்லை. நடப்பதை விடாதீர்கள். நெய்யையும் இனிப்பையும் நீங்களாகவே விடுங்கள். இடுப்பு குறையக் குறைய உள்ளே இருப்பதும் கரையும்."

ராஜா தலையாட்டினான். வாசல்வரை போய்த் திரும்பினான். ஏதோ சொல்லப்போகிறான் என்று கூத்தன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"பட்டிகை பூட்டட்டும், வைத்தியரே. சொல் சொல்தான்" என்றான் ராஜா. கதவு மீண்டும் சாத்தப்பட்டது.

கூத்தன் தன் தோளைப் பார்த்துக்கொண்டான். பல்லக்குக் கம்பு அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அந்த ஆளைக் குன்றில் ஏறச் சொன்னவன் தான்தான். ஏறாவிட்டாலும் ஒருநாள் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். சேந்தனாரிடம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால் கேட்கவில்லை.

அதன்பிறகு ராஜாவை யாரும் விரட்டவேண்டியிருக்கவில்லை. விடியும் முன்பே குன்றடியில் நின்றான். இலையில் வைத்ததில் பாதியை அவனே ஒதுக்கினான். "கூத்தா, நீ குறைக்கக்கூடாது என்றுதானே ஓலை? நான் குறைத்துக்கொள்கிறேன்" என்று தானே கண்டுபிடித்ததுபோல் சொல்லிச் சந்தோஷப்பட்டான். லட்டு என்ற பேரை எடுத்தாலே நெஞ்சைத் தடவிக்கொள்வான்.

சித்திரை முதல் நாள் வந்தது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, ராஜா மட்டும் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். பட்டிகை சுற்றி வந்தது. ஒரு முனை மறு முனையைத் தொட்டது. 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

ராஜா சிரித்தான். அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. சிங்காதனத்தைச் சுற்றி ஒரு முறை குதித்து வந்தான். "பாயசத்தைப் பல்லக்கில் ஏற்றிவிட்டு ராஜாவை நடக்கவிட்டான், பார்த்தீர்களா! இவனைப்போல் ஒருவன் எந்த நாட்டில் இருக்கிறான்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கையிலிருந்த ரத்தினக் கடகத்தைக் கழற்றிக் கூத்தனின் கையில் மாட்டினான். சபையும் சிரித்தது. புதுப் பிரதானி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"வைத்தியரை விடுதலை செய்யுங்கள். நேரே இங்கே அழைத்துவாருங்கள். பட்டிகையை அவருக்குக் காட்டவேண்டும்!"

போன சேவகன் தனியாகத் திரும்பினான். "கதவைத் திறந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார், பிரபு. சபைக்கு வர நேரமில்லை, ஆட்கள் காத்திருப்பார்கள் என்றார்."

ராஜா ஒரு நிமிஷம் யோசித்தான். அன்றைக்கு அவனுக்கு எதுவும் கோபமாகத் தோன்றவில்லை. "பிடிவாதக்காரர்! போகட்டும், விடு" என்று அதற்கும் சிரித்தான்.

கூத்தன் கடகத்தை மடியில் கட்டிக்கொண்டு சேந்தனார் வீட்டுக்கு நடந்தான். தெரு முனையிலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. ஆறு மாதமாக வைத்தியர் இல்லாத ஊர். இருமுகிறவர்கள், காலில் துணி சுற்றியவர்கள், குழந்தையைத் தோளில் போட்டவர்கள். சேந்தனார் எலும்பும் தோலுமாக, தாடியும் மழிக்காமல், முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூத்தன் கடகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தான். "இது உங்களுக்குச் சேரவேண்டியது."

சேந்தனார் அதைப் பார்த்தார். "இதை இழைத்துப் பஸ்பம் போட எனக்கு இப்போது நேரமில்லை. உம்முடைய கை சும்மாதானே இருக்கிறது? அந்தச் சுக்கை இடியும்."

கூத்தன் உரலுக்கு முன்னால் உட்கார்ந்து உலக்கையை எடுத்தான். வரிசையில் யாரோ அவனைக் கண்டுகொண்டார்கள். "அட, நம்ம விகடகவி ஐயா! ராஜாவையே நடக்கவெச்சவரு. ஐயா, ஒரு சிரிப்புச் சொல்லுங்க, காத்திருக்கிறது தெரியாம இருக்கும்." கூத்தன் நிமிராமல் இடித்தான். அவர்களும் விட்டுவிட்டார்கள்.

வெயில் இறங்கும் நேரத்தில் வரிசையில் கடைசியாக ஒரு பெண் வந்தாள். எண்ணெய்ச் செட்டியின் மனைவி. நெற்றி வெறுமையாக இருந்தது.

"என்ன தாயே, உடம்புக்கு?" என்றார் சேந்தனார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அவரு மார்கழியில போயிட்டாரு. நெஞ்சு வலி. ரெண்டு நாள் கெடந்தாரு. ஐயாவைக் கூட்டிவாங்க, ஐயாவைக் கூட்டிவாங்கன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு." அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நீங்க வெளியில இருந்திருந்தா பொழைச்சிருப்பாரா? அதை மட்டும் கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

உலக்கை நின்றது.

சேந்தனார் அவளைப் பார்த்தார். நிறைந்த சபையில் ராஜாவின் முகத்துக்கு நேராக உள்ளதைச் சொன்ன மனிதர், மருந்துப் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"இல்லை, தாயே. முற்றிய நோய். நான் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்கமுடியாது" என்றார்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். வந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

அவர் சொன்னது பொய் என்று கூத்தனுக்குத் தெரிந்தது. தெரிந்ததை வைத்தியரும் பார்த்தார். உரலில் இன்னும் பாதிச் சுக்கு இடிபடாமல் கிடந்தது. கூத்தன் மறுபடி உலக்கையைத் தூக்கினான்.